எடை குறைப்புச் சத்திரசிகிச்சை: காப்புறுதி நிறுவனம் "அழகுச் சிகிச்சை" என்று எழுதிவிட்டது

ஐந்தொகை கேட்டது:

வணக்கம். வயது 41, ஊர் கொக்குவில், வேலை யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் கணக்காளர். உயரம் 160 சென்ரிமீற்றர். நிறையைச் சொல்லுமுன் அதை எப்படி அறிந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஆவணி மாதம் நீரிழிவுக் கிளினிக்கில் நிறை பார்க்கும் தட்டில் ஏறினேன். முள் 120இல் போய் முட்டி நின்றுவிட்டது. அந்த இயந்திரத்தில் அதற்கு மேல் எண் இல்லை. தாதி என் முகத்தைப் பார்க்காமல் அட்டையில் "120க்கு மேல்" என்று எழுதினார். பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறவளுக்கு "க்கு மேல்" என்றொரு தொகை பொறுக்காது. அன்று பின்னேரமே சுன்னாகத்தில் அத்தானின் வெங்காயக் களஞ்சியத்துக்குப் போனேன். வேலையாட்கள் போகும்வரை காத்திருந்து, மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். 123. அத்தான் மற்றப் பக்கம் திரும்பி நின்று, அங்கே இல்லாத ஒரு பூனையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கமான மனிதர்.

உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி 48 வருகிறது. நீரிழிவு 34 வயதிலிருந்து. இப்போது காலையும் மாலையும் இன்சுலின். அதற்குப் பின்னும் குருதிச் சீனியின் மூன்று மாதச் சராசரி 9.4. குருதி அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்; கொழும்பில் நித்திரைப் பரிசோதனை செய்தபோது கடுமையானது என்று அறிக்கை வந்தது. இப்போது முகமூடி போட்ட காற்று இயந்திரத்தோடு படுக்கிறேன். அலுவலகம் இரண்டாம் மாடியில், 26 படிகள். பதின்மூன்றாவது படியில் கைபேசியை எடுத்து, செய்தி வந்தது போலப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதென்றால் எனக்கு மட்டும் இரண்டு இருக்கைகள் பதிவு செய்வேன். பக்கத்து இருக்கைக்காரரின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதைவிட அந்தக் காசு மலிவு.

"சாப்பாட்டைக் குறைத்துப் பாருங்கள்" என்று எழுத நினைப்பவர்களுக்கு: 2019இல் குரக்கன் புட்டும் அவித்த மரக்கறியுமாக, தினமும் அதிகாலை நடந்து, 14 கிலோ இறக்கினேன். இரண்டு வருடத்தில் 17 ஏறியது. வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஒருநேரச் சாப்பாடு என்று இருந்த வருடத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. அந்த ஒரு நேரம் எப்படிப்பட்ட நேரம் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (இரைப்பையில் சிறு பை ஒன்றைப் பிரித்துக் குடலோடு இணைப்பது), இரண்டில் ஒன்று செய்யலாம் என்றார். தனியார் வைத்தியசாலை தந்த மதிப்பீடு ஏழு இலக்கம். பூச்சியங்களை இரண்டு தடவை எண்ணினேன். எங்கள் நிறுவனம் ஊழியர்களுக்கு எடுத்த குழுக் காப்புறுதி இருக்கிறது என்ற துணிவில் முன் அனுமதிக்கு விண்ணப்பித்தேன். ஒன்பதாம் நாள் இரண்டே வரியில் பதில்: கோரப்பட்ட சிகிச்சை தோற்றப் பொலிவுக்கானது, ஆகவே ஒப்பந்தத்தின் விலக்குகளுக்குள் அடங்குகிறது.

தோற்றப் பொலிவு. நான் கடைசியாகக் கண்ணாடிக்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது என் கலியாணத்தன்று.

இலங்கையில் யாராவது இதற்குக் காப்புறுதி அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? ரொறன்ரோவில் இருக்கும் தம்பி "காசு அனுப்புகிறேன், பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போய்ச் செய்துகொள்" என்கிறான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். அம்மாவோ "நன்றாக இருக்கிற வயிற்றை வெட்டி எறிவதா" என்று அழுகிறார். எனக்கே இன்னும் முடிவில்லை. செய்தவர்கள் நல்லதை மட்டும் எழுதாமல் முழுவதையும் எழுதுங்கள். பற்று, வரவு இரண்டு பக்கமும் வேண்டும்.


தென்மராட்சியான் எழுதியது:

அக்கா, நான் சாவகச்சேரி. வயது 38. ஸ்லீவ் செய்து இரண்டு வருடம் மூன்று மாதம். 138இல் தொடங்கி இப்போது 92. ஒருமுறை 88 வரை போய், பிறகு நான்கு கிலோ திரும்பி வந்திருக்கிறது. அதையும் எழுதிவிட வேண்டும், முழுவதும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் காப்புறுதி. எனக்கும் முதல் தடவை இல்லை என்றுதான் வந்தது. படிவத்தை நிரப்பிய எழுதுவினைஞர் "சிகிச்சைக்கான காரணம்" என்ற கட்டத்தில் "நிறை குறைப்பு" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் மறுபக்கம் இருந்தவர் மேற்கொண்டு வாசித்திருக்கவே மாட்டார். இரண்டாம் முறை நானே ஒரு கோப்புத் தயாரித்தேன். என் நீரிழிவைப் பத்து வருடமாகப் பார்த்த வைத்தியரின் கடிதம், நித்திரைப் பரிசோதனை அறிக்கை, கண்ணின் விழித்திரையில் பாதிப்புத் தொடங்கியதற்கான குறிப்பு, ஈரலில் கொழுப்புப் படிந்த ஸ்கேன், ஐந்து வருடக் கிளினிக் அட்டைகளின் பிரதி. நிறை எந்த வருடம் எவ்வளவு, எந்த முயற்சியில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு திரும்பியது என்று ஒரு பக்க அட்டவணை. அதில் ஒரு பொய்யும் இல்லை. முதல் விண்ணப்பத்திலும் பொய் இல்லை, ஆனால் என் வருத்தம் என்னவென்று அதில் யாரும் எழுதவில்லை. ஏழு கிழமைக்குப் பிறகு, வைத்தியசாலைச் செலவு வரம்பு வரைக்கும் தருகிறோம் என்று கடிதம் வந்தது. மிச்சத்துக்கு மனைவியின் காப்புகள் இரண்டு இன்னும் வங்கியில் இருக்கின்றன.

இப்போது பற்றுப் பக்கம். முதல் இரண்டு கிழமை தண்ணீர் ஆகாரம். வடித்த சூப், மோர், கஞ்சித் தெளிவு, அதுவும் சின்னக் கிண்ணத்தால் ஒவ்வொரு மிடறாக. ஆறாம் நாள் பக்கத்து வீட்டில் மீன் பொரித்தார்கள். நான் முற்றத்தில் இருந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நான்காம் மாதம் தலைமயிர் கொத்துக் கொத்தாக வந்தது. பிறகு முளைத்தது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க முடியாது. மறந்து குடித்தால் நெஞ்சுக்குள் கல் வைத்தது போல் இருக்கும். கலியாண வீட்டுப் பந்தியில் ஒன்றரை இடியப்பத்தோடு எழும்பினால், பரிமாறுகிறவருக்குக் கோபம் வருகிறது. "என்ன, சாப்பாடு பிடிக்கவில்லையா?" இரண்டு வருடமாக இதற்கு ஒரு நல்ல பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்குகிறது. அதை அகற்றக் கேட்டால் அது உண்மையிலேயே அழகுச் சிகிச்சை, காசு தர மாட்டார்கள்.

வரவுப் பக்கம் சின்னது. இன்சுலின் இல்லை. காற்று இயந்திரத்தைப் பழைய துணியால் மூடி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். மகனோடு கசூரினாக் கடலில் இறங்கினேன்.

ஒன்று மட்டும் கவனம் அக்கா: எழுத்தில் அனுமதி கையில் வரும்வரை வைத்தியசாலையில் சேர வேண்டாம். "செய்துவிட்டுப் பிறகு கேட்கலாம்" என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள்.


இரவுக்கடமை எழுதியது:

அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் வைத்தியன். உங்களைப் பரிசோதிக்காமல் செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உதவக்கூடிய சில விடயங்களைச் சொல்லலாம்.

இந்தச் சத்திரசிகிச்சை யாருக்கு என்பதற்கு உலகம் முழுவதும் பரவிய அளவுகோல், 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு சொன்னது: சுட்டி 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து நீரிழிவு, நித்திரை மூச்சுத்தடை போன்ற நோய்களும் இருத்தல். 2022இல் இத்துறையின் இரண்டு பெரிய சங்கங்கள் அதைத் திருத்தின. இப்போது 35 என்றாலே பரிந்துரைக்கலாம், 30 இருந்து நீரிழிவு இருந்தால் யோசிக்கலாம், எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு எல்லை இன்னும் கீழே, 27.5. காரணம், நாங்கள் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்குள் விழுகிறோம். காப்புறுதிக்காரர்கள் பலர் இன்னும் 1991ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நிற்கட்டும். உங்களுடைய 48, பழைய அளவுகோலையே தாண்டி நிற்கிறது. எந்தக் கோலால் அளந்தாலும் இது நோய்க்கான சிகிச்சை. வைத்தியரின் கடிதத்தில் இந்த ஒப்பீடு ஒரு வரியாக இருக்க வேண்டும்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்குக்கு மேல் நெடுக்காக வெட்டி அகற்றி, மிச்சத்தை ஒரு குழாய்போல விடுவது. வெட்டியது வெட்டியதுதான். பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். நீரிழிவுக்கு பைபாஸ் கூடுதலாக உதவுகிறது. ஆனால் பல வருடமாக இன்சுலினில் இருப்பவருக்கு நோய் முற்றாக மறையும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. மருந்து குறையும் என்று எதிர்பார்க்கலாம். நெஞ்செரிவு உள்ளவருக்கு ஸ்லீவ் அதை மோசமாக்கலாம். உங்களுக்கு இரவில் புளிப்பு மேலே வருகிறதா? நீங்கள் எழுதவில்லை. எண்டோஸ்கொப்பி (வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்யாமல் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டாம்.

எதைச் செய்தாலும் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை ஆயுள் முழுவதும், கூடவே ஒழுங்கான குருதிச் சோதனை. தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். வெள்ளி, செவ்வாய், கந்தசஷ்டி, திருவிழா என்று மச்சம் தொடாத நாட்கள் எங்கள் நாட்காட்டியில் கொஞ்சமல்ல. அந்த நாட்களில் பயறு, கடலை, சோயா, தயிர் என்று கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டும். நீங்கள் கணக்காளர், உங்களுக்கு இது வரும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு 12 தொடக்கம் 18 மாதம் வரை கருத்தரிக்கக்கூடாது. நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும் என்பதால் இதை 41 வயதிலும் சொல்கிறேன்.

சென்னை பற்றி. அங்கே நல்ல கைகள் இருக்கின்றன, சந்தேகமில்லை. என் பயம் திரும்பி வந்த பிறகுதான். தையல் வழியாகக் கசிவு ஏற்பட்டால் அது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தெரியும்: காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, வயிற்றுவலி. அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. அந்த நேரத்தில் உங்களை வெட்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். கொழும்பில் செய்தாலும் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரண்டு கிழமையாவது அங்கே தங்கப் பாருங்கள். இன்னொன்று, கொழும்புப் பக்கத்தில் அரச வைத்தியசாலைகளிலும் இது நடக்கிறது. கட்டணம் இல்லை, காத்திருப்பு உண்டு. காப்புறுதியோடு மல்லுக்கட்டும் அதே நேரத்தில் உங்கள் கிளினிக்கில் ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


வேலணை ஆச்சி எழுதியது:

பேத்திதான் தட்டச்சு செய்கிறாள், பிழை இருந்தால் அவளுடையது. பிள்ளை, எனக்கு 74 வயது. எங்கள் காலத்தில் விடியப்புறம் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டுத்தான் பழஞ்சோறு. எங்களில் யார் வயிற்றை வெட்டினோம்? நீ கதிரையில் இருந்து கணக்கு எழுதுகிறாய், அதுதான் வருத்தம். ஒடியற் கூழ் குடி, நடந்து வேலைக்குப் போ. மயக்க மருந்து கொடுத்து எழும்பாமல் போனால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? எனக்கும் சலரோகம் இருக்கிறது, அது வேறு கதை.


ஐந்தொகை பதில்:

ஆச்சி, துலா மிதிக்க எனக்கும் விருப்பம்தான். துலாவின் நிலைமை என்ன ஆகும் என்பதுதான் கவலை. நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியை மட்டும் நான் பகிடியாக எடுக்கவில்லை. அதைத்தான் அம்மாவும் கேட்கிறார்.

வைத்தியர் ஐயா, இரவில் புளிப்பு வருகிறது. மூன்று தலையணை வைத்துப் படுக்கிறேன். அது இயந்திரத்தால் என்று நினைத்திருந்தேன்.


இரவுக்கடமை எழுதியது:

எண்டோஸ்கொப்பி. இந்தக் கிழமையே.

ஆச்சி கேட்டதற்கும் பதில் சொல்லலாம். அனுபவமுள்ள இடத்தில் செய்தால் ஆபத்து, பித்தப்பை அகற்றும் சத்திரசிகிச்சையோடு ஒப்பிடத்தக்கது. கடுமையான மூச்சுத்தடை உள்ளவர் அதற்கு முன் இயந்திரத்தை ஒழுங்காகப் போட்டுப் பழகியிருக்க வேண்டும், சீனியின் அளவும் இறங்கியிருக்க வேண்டும். மறுபக்கத்தையும் பாருங்கள். சுவீடனில் 1987இல் தொடங்கி, சத்திரசிகிச்சை செய்த இரண்டாயிரம் பேரையும் செய்யாத அதே அளவு பேரையும் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். செய்தவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. வெட்டாமல் இருப்பதும் ஆபத்தில்லாத வழி அல்ல, ஆச்சி.


கோப்புமேசை எழுதியது:

பல வருடம் காப்புறுதி இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவன், இப்போது ஓய்வு. சாவகச்சேரித் தம்பி சொன்னதில் பாதி சரி. மறுபாதி உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

உங்களிடம் இருப்பது ஒரு அட்டையும் நான்கு பக்கக் கையேடும்தான் என்று நினைக்கிறேன். அது ஒப்பந்தம் அல்ல. குழுக் காப்புறுதியில் ஒப்பந்தக்காரர் நீங்கள் இல்லை, உங்கள் நிறுவனம். முழு ஒப்பந்தம் மனிதவளப் பிரிவில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி விலக்குகள் உள்ள பக்கத்தைத் திறவுங்கள். "உடற்பருமனுக்கான எந்தச் சிகிச்சைக்கும் கொடுப்பனவு இல்லை" என்று நேராக எழுதியிருந்தால், எத்தனை வைத்தியர் கடிதம் வைத்தாலும் மேசையில் இருப்பவரால் கையெழுத்திட முடியாது. நான் அப்படிப்பட்ட கோப்புகளை மனமில்லாமல் திருப்பியிருக்கிறேன். ஆனால் "அழகுக்கான சிகிச்சை" என்று மட்டும் இருந்தால், அல்லது "மருத்துவத் தேவை இருந்தாலன்றி" என்று ஒரு வால் இருந்தால், உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவு, எந்த இலக்கம் என்று குறிப்பிட்டிருக்கிறார்களா? இல்லை என்றால் முதற்கேள்வி அதுவாகவே இருக்கட்டும்: "எந்தப் பிரிவின் கீழ்?" கேட்டவுடன் கோப்பு இளையவரின் மேசையிலிருந்து மூத்தவரின் மேசைக்குப் போகும். உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், பெரும்பாலான முதல் நிராகரிப்புகள் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. மாலை நாலரை மணி, மேசையில் முப்பது கோப்பு, தலைப்பில் "நிறை" என்ற சொல். அவ்வளவுதான்.

மேன்முறையீட்டை மூன்று பேர் கையெழுத்தோடு அனுப்புங்கள்: நீரிழிவைப் பார்ப்பவர், நித்திரைப் பரிசோதனை செய்தவர், வெட்டப்போகிறவர். மூன்றிலும் ஒரே நிறை, ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்றில் 123, இன்னொன்றில் "120க்கு மேல்" என்றால் அதைப் பிடித்தே இன்னும் மூன்று கிழமை இழுப்பார்கள். நோய்கள் எந்த வருடம் தொடங்கின என்பதை மறைக்க வேண்டாம். முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதை மறைத்தது பின்னால் தெரிந்தால் முழுக் கோரிக்கையும் போய்விடும்.

நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டும் சரிவராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். மேலே இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், பலர் மறந்துவிடும் ஒரு கதவு உங்கள் முதலாளிதான். ஒவ்வொரு வருடமும் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவர் அவர். காப்புறுதிக்காரர் உங்களை இழக்கப் பயப்பட மாட்டார், முழுக் கிளைகளின் ஒப்பந்தத்தையும் இழக்கப் பயப்படுவார். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனால் போதும்.


ஸ்காபரோப் பனி எழுதியது:

அக்கா, நான் உரும்பிராய், இப்போது 19 வருடமாகக் கனடா. இங்கே ஒன்ராறியோவில் நான் பைபாஸ் செய்தேன். மாகாணச் சுகாதாரக் காப்புறுதியே செலவை ஏற்றது. குடும்ப வைத்தியர் பரிந்துரைத்தால் இதற்கென்றே உள்ள மாகாண வலையமைப்பு எடுத்துக்கொள்கிறது. சுட்டி 40, அல்லது நோய்களோடு 35. புகைத்தல் கூடாது. உணவியல் நிபுணர், சமூகப் பணியாளர், உளவியலாளர் என்று ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சத்திரசிகிச்சைக்கு முன் ஈரலைச் சுருக்கக் குடிக்கும் திரவ உணவும் பிறகு விற்றமின்களும் என் காசு.

எதற்காக இதை எழுதுகிறேன் என்றால், இணையத்தில் தேடினால் அமெரிக்கர்கள் எழுதியதுதான் முன்னால் வந்து நிற்கும். நியூஜேர்சியில் என் மச்சாளுக்கு ஆறு மாதம் வைத்தியர் கண்காணிப்பில் உணவுக் கட்டுப்பாடு செய்து, மாதாமாதம் நிறை பதிய வேண்டும் என்றார்கள். நத்தார் விடுமுறையில் ஒரு மாதம் தவறிவிட்டது, திரும்ப முதலாம் மாதத்திலிருந்து. கடைசியில் அவளுடைய சத்திரசிகிச்சை நிபுணரே காப்புறுதியின் வைத்தியரோடு தொலைபேசியில் பேசித்தான் அனுமதி வந்தது. அந்தச் சட்டங்கள் உங்களுக்குப் பொருந்தா, அவற்றை வாசித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வைத்தியரோடு வைத்தியர் பேசுவது எந்த நாட்டிலும் வேலை செய்யும். உங்கள் நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள்.

உளவியலாளர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை உங்களிடம் தருகிறேன். "கவலை வந்தால் என்ன செய்வீர்கள்?" நான் "அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பேன்" என்றேன். அது பொய். கொத்து ரொட்டி வாங்குவேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கவலை அப்படியே இருந்தது, கொத்து ரொட்டி மட்டும் போய்விட்டது. முதல் வருடம் நான் வீட்டில் எல்லோரோடும் சண்டை பிடித்தேன். இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

தம்பி காசு அனுப்பட்டும், ஆனால் சென்னைக்கு அல்ல. கொழும்பில் தங்கும் அந்த இரண்டு கிழமைக்கு.


ஐந்தொகை எழுதியது (ஐந்து மாதத்துக்குப் பிறகு):

எல்லோருக்கும் வணக்கம். கணக்கை முடித்துவைக்க வந்திருக்கிறேன்.

எண்டோஸ்கொப்பியில் இரைப்பையின் மேற்பகுதி கொஞ்சம் நெஞ்சறைக்குள் ஏறியிருக்கிறது என்றும், உணவுக்குழாயின் அடி புண்ணாகியிருக்கிறது என்றும் வந்தது. ஆகவே ஸ்லீவ் இல்லை, பைபாஸ். இரவில் வரும் புளிப்பைப் பற்றி இரவுக்கடமை வைத்தியர் கேட்டிராவிட்டால் நான் மலிவானதைத் தெரிவு செய்திருப்பேன்.

ஒப்பந்தத்தை வாங்கி 38 பக்கமும் வாசித்தேன். பக்கம் 21இல் கோப்புமேசை ஐயா சொன்ன அதே வால் இருந்தது: "மருத்துவத் தேவை இருந்தாலன்றி". மனிதவளப் பிரிவுக்குப் போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அலுவலகத்தில் நான் பகிடி விடுகிறவள். நான் நோயாளி என்று ஒரு மேசைக்கு முன்னால் இருந்து அதுவரை சொன்னதே இல்லை. அந்த அதிகாரி என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண். நான் சொல்லி முடித்ததும், "அக்கா, நீங்கள் பதின்மூன்றாவது படியில் நிற்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்" என்றாள். பிறகு அவளே மின்னஞ்சலை எழுதினாள்.

மேன்முறையீட்டில் நிறை எல்லாவற்றிலும் 121.5. வெங்காயத் தராசை விட்டுவிட்டு, 200 கிலோ வரை காட்டும் தராசு உள்ள இடத்தைத் தேடிப்போய் மூன்று கடிதத்துக்கும் ஒரே நாளில் நிறுத்தேன். எட்டாம் கிழமை பதில் வந்தது. இந்தமுறை மூன்று வரி. "மருத்துவ ரீதியில் அவசியமானது" என்று ஏற்று, வருடாந்த வரம்பு வரை தருகிறார்கள். மதிப்பீட்டில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. மிச்சத்தில் ஒரு பங்கு தம்பி, ஒரு பங்கு என் சேமிப்பு, ஒரு பங்கு இவரின் சீட்டு. அழகு என்று எழுதிய கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அரச வைத்தியசாலைப் பரிந்துரைக் கடிதமும் கையில் இருக்கிறது. வரம்பு இன்னும் குறைவாக வந்திருந்தால் அந்த வரிசையில்தான் நின்றிருப்பேன், வெட்கமில்லை.

கவலை வந்தால் என்ன செய்வேன் என்று நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன், ஸ்காபரோத் தங்கச்சி. பருத்தித்துறை வடை. ஒரு பை, முழுவதும், இவர் வருமுன். அதற்கு இன்னும் மாற்று இல்லை. கிளினிக்கில் உளவளத்துணை அலுவலர் ஒருவரிடம் மூன்று தடவை போயிருக்கிறேன். தொடர்ந்து போவேன்.

திகதி அடுத்த மாதம் 11. இன்றிலிருந்து இரண்டு கிழமை ஈரல் சுருக்கும் உணவு தொடங்குகிறது. சோறு, பாண், புட்டு, இடியப்பம் ஒன்றும் இல்லை. அம்மா நேற்றுவரை அழுதுகொண்டிருந்தார். இன்று காலை முசுட்டை இலையும் வல்லாரையும் ஆய்ந்துகொண்டு, "கொழும்பில் சூப் வைக்கத் தெரிந்த ஆள் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். தானும் வருகிறாராம். வேலணை ஆச்சிக்கும் சொல்லச் சொன்னார்: அவரும் துலா மிதித்தவர்தான், அவருக்கும் சலரோகம்தான்.

ரயிலில் போகிறோம். நாங்கள் மூன்று பேர், பதிவு செய்தது நான்கு இருக்கை. திரும்பி வருவதற்கு மூன்று போதுமா என்று இவர் கேட்டார். தென்மராட்சித் தம்பிக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்டேன். "இரண்டு கிழமையில் அவ்வளவு குறையாது அக்கா, வயிற்றில் தையலும் இருக்கும், நான்கே எடுங்கள்" என்று பதில் போட்டார். நான்கே எடுத்திருக்கிறேன்.